முன்பாரமும் பின்பாரமும்



மோரிப் கடற்கரைக்குப் போயிருப்பீர்கள். அண்மைக் காலமாக அங்கே ஒரு புதிய காட்சி. சிலர் காருக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டையே இழுத்துக்கொண்டு வந்து நிறுத்துகிறார்கள். உள்ளே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, எல்லாம் இருக்கின்றன. கேரவன் என்கிறார்கள். பிள்ளைகள் மணலில் விளையாட, அம்மா சன்னல் ஓரத்தில் தேநீர் கலக்கிக்கொண்டிருக்கிறார். பார்க்கிற நமக்கும் ஓர் ஆசை வரத்தான் செய்கிறது.

என் மகனுக்கும் வந்தது. ஆனால் அவனுடைய ஆசை வேறு மாதிரி. "அம்மா, இதே மாதிரி ஒரு வண்டி இருந்தா, ஒட்டுக்கடையையே இழுத்துக்கிட்டுப் போயிடலாமே" என்றான்.

நான் தெலுக் பங்லிமா காராங்கில் தோசை, வடை விற்கிறவள். தினமும் அதிகாலையில் சாமான்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காரில் அடைத்து, இரண்டு நடை போய் வந்து கடை போட்டுக்கொண்டிருந்தேன். இடுப்பு வலி என்னைவிட முன்னதாக எழுந்து உட்கார்ந்திருக்கும். ஆகவே மகன் சொன்னது தேன் வந்து பாய்ந்தது போல் இருந்தது. தொழிற்சாலையில் வேலை செய்து சேர்த்த ஊழியர் சேமநிதிப் பணத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதை வேறு எதற்காக வைத்திருக்கிறேன்?

அந்தப் பணத்தை நான் ஏறக்குறைய எப்படிக் காற்றில் விட இருந்தேன், என் தகப்பனார் அதை எப்படித் தடுத்தார் என்பதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். இன்று நம் பிள்ளைகள் பலர் இரவுச் சந்தைக்கும் கோயில் திருவிழாவுக்கும் இப்படி இழுவை வண்டியில் கடை கொண்டுபோகிறார்கள். அவர்களுக்கு இது பயன்படட்டும்.

கிள்ளானில் ஒருவரிடம் பழைய இழுவை வண்டி ஒன்று விலைக்கு இருந்தது. நாலு பக்கமும் தகரம் அடித்து, ஒரு பக்கம் மேலே தூக்கித் திறக்கும் கதவு வைத்து, பார்க்க அழகாக இருந்தது. விலை 14,000 வெள்ளி. "எடை எவ்வளவு?" என்று மகன் கேட்டான். "500 கிலோதான். உங்க காரு தாராளமா இழுக்கும்" என்றார் விற்றவர். 500 வெள்ளி முன்பணம் கொடுத்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்க்க வண்டியைக் கொண்டுபோகச் சொன்னார். தாள்களெல்லாம் சரியாகத்தான் இருந்தன. எடைதான் சரியில்லை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

கிள்ளானிலிருந்து பந்திங் போகும் சடக்கில் வந்துகொண்டிருந்தோம். நான் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். இழுப்பதில் ஒரு தொல்லையும் இல்லை. மகன் சிரித்துக்கொண்டே, "பார்த்தீங்களா அம்மா, பின்னால ஒண்ணு வருதுன்னே தெரியல" என்றான். அப்போது ஒரு பெரிய லோரி எங்களை முந்திக்கொண்டு போனது. அது கிளப்பிய காற்றில் பின்னால் வந்த வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. பிறகு மறு பக்கம். இரண்டாவது ஆட்டம் முதலாவதைவிடப் பெரிது. மூன்றாவது ஆட்டத்தில் எங்கள் காரின் வாலையே அது பிடித்து இழுத்தது. பாம்பு நெளிகிற மாதிரி சடக்கு முழுவதும் அலைந்தோம். மகன் பயந்து பிரேக்கை மிதித்தான். ஆட்டம் இன்னும் கூடியது. "காலை எடுடா!" என்று நான் அலறினேன். அறிவு இருந்து சொல்லவில்லை, பயத்தில் சொன்னேன். அவன் காலை எடுத்தான். வேகம் தானாகக் குறைந்தது. ஆட்டமும் மெல்ல அடங்கியது. முருகன் புண்ணியத்தில் எதிரே யாரும் வரவில்லை.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினோம். அப்பா திண்ணையிலிருந்து எழுந்து வந்தார். அவருக்கு வயது 80க்கு மேல். தோட்டத்தில் முதலில் மாட்டு வண்டி ஓட்டியவர். பிறகு டிராக்டரில் செம்பனைக் குலை ஏற்றியவர். எங்கள் முகத்தைப் பார்த்தே ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டார். ஒன்றும் கேட்கவில்லை. "வண்டியை அவுறுடா" என்றார். மகன் கொக்கியைக் கழற்றியதும், காரோடு பூட்டும் அந்த நீண்ட இரும்புக் கம்பி தானாகவே மேலே எழும்பியது. அப்பா அதை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தார்.

"பின்பாரம்" என்றார். அந்த ஒரு வார்த்தைதான்.

கதவைத் திறந்து பார்த்தால், விற்றவர் தம் மேசை நாற்காலிகளையும் இரும்பு அடுப்பையும் கடைசிச் சுவரோரம் அடுக்கி வைத்திருந்தார். அது எங்களுக்குத் தெரியவே தெரியாது.

தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. இளையவர்களுக்காகச் சொல்கிறேன். மாட்டு வண்டிக்கு அச்சு நடுவில் இருக்கும். அச்சுக்கு முன்னால் ஏற்றுவது முன்பாரம். பின்னால் ஏற்றுவது பின்பாரம். முன்பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் கூடினால் ஏர்க்கால் மேலே எழும்பும். பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை நெரிக்கும். ஆகவே பாரம் ஏற்றி முடித்ததும், மாட்டைப் பூட்டுவதற்கு முன்பே, ஏர்க்காலைக் கையில் தூக்கிப் பார்ப்பார்களாம். தூக்கக் கொஞ்சம் கனக்க வேண்டும். ஆனால் ஓர் ஆள் தூக்கும்படி இருக்க வேண்டும். அதுதான் கணக்கு. மேட்டில் ஏறும்போது வண்டிக்காரர் ஏர்க்கால் பக்கமாக முன்னே நகர்ந்து உட்காருவார். பள்ளத்தில் இறங்கும்போது பின்னே நகர்ந்துகொள்வார். தம் உடம்பையே எடைக்கல்லாக வைத்துப் பாரத்தைச் சரி செய்வார்.

கேரவன் இழுக்கும் வெள்ளைக்காரர்களும் இதே கணக்கைத்தான் வைத்திருக்கிறார்கள். வண்டியின் மூக்கு காரின் கொக்கியை எவ்வளவு அழுத்துகிறது என்பதை எண்ணாகவே சொல்கிறார்கள். பாரம் ஏற்றிய வண்டியின் மொத்த எடையில் 5 முதல் 7 விழுக்காடு மூக்கில் இருக்க வேண்டும் என்பது பிரிட்டனில் வழக்கம். அமெரிக்காவில் 10 முதல் 15 விழுக்காடு என்பார்கள். இதற்குக் குறைந்தால் வண்டி பாம்பு மாதிரி நெளியும். அளவு மீறினால் காரின் பின்பக்கம் தாழ்ந்து, முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். நம்முடைய சின்னக் கார்கள் பெரும்பாலும் முன் சக்கரத்தால் ஓடுகிறவை. முன் சக்கரம் தரையை அழுத்திப் பிடிக்காவிட்டால் இழுக்கவும் முடியாது, திருப்பவும் முடியாது.

பார்த்தீர்களா? இது ஒன்றும் புதிய சாத்திரம் இல்லை. காருக்குப் பின்னால் வீடு வருவதற்கு முன்பு மிருகங்கள்தாம் அதையும் இழுத்தன. உல்லாசப் பயணத்துக்கென்று முதலில் கேரவன் செய்துகொண்டவர் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். அவருடைய வண்டியின் பெயர் வாண்டரர். 1885ஆம் ஆண்டு செய்தது. ஏறத்தாழ 2 டன் எடை. இரண்டு குதிரைகள் இழுத்தன. பிறகு 1919ஆம் ஆண்டில்தான் பர்மிங்ஹாமில் எக்கல்ஸ் என்ற கம்பெனி காரால் இழுக்கும் கேரவன்களைச் செய்யத் தொடங்கியது. மாடு போய், குதிரை போய், கார் வந்தது. ஆனால் முன்பாரமும் பின்பாரமும் போகவில்லை.

அன்று மாலை மகன், "சரி தாத்தா, மேசையை முன்னால வச்சுட்டா போதும்தானே?" என்று கேட்டான். அப்பா தலையை ஆட்டினார். "அது பாதிதான். முதல்ல வண்டி எடை என்னான்னு பாரு. மாட்டுக்கு மேல வண்டி இருக்கக் கூடாது" என்றார்.

மறுநாள் பழைய இரும்பு வாங்கும் கடைக்கு வண்டியைக் கொண்டுபோனோம். மெதுவாக, மேசை நாற்காலிகளை இறக்கிவிட்டுத்தான். அங்கே லோரி ஏறி நிற்கும் எடை மேடை இருக்கிறது. காரைக் கழற்றிவிட்டு வண்டியை மட்டும் நிறுத்தினோம். 500 கிலோ என்று சொன்ன வண்டி, ஒரு சாமானும் இல்லாமல் 560 கிலோ காட்டியது. தகரம் அடித்தது, கதவு வைத்தது, அலமாரி போட்டது, எதையும் அந்த 500இல் யாரும் சேர்க்கவில்லை.

பிறகு நான் ஒரு தாளை எடுத்து, என் கடைச் சாமான்களின் எடையை எழுதினேன். கேளுங்கள். 14 கிலோ எரிவாயுத் தோம்பு, இரும்பின் எடையும் சேர்த்தால் ஏறக்குறைய 28 கிலோ. இரண்டு தோம்பு 56. தண்ணீர் 100 லிட்டர். ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதால் 100. அடுப்பும் தோசைக்கல்லும் 40. மூன்று பானை மாவு 45. ஐஸ் பெட்டியும் பானங்களும் 60. நாலு மேசை, 16 நாற்காலி 76. மேலே கட்டும் படுதா 20. தட்டு முட்டு 35. அரிசி, எண்ணெய், பருப்பு 40. சின்ன மின்சார எந்திரம் 25. கூட்டினேன். 497 கிலோ!

560ம் 497ம் சேர்த்தால் 1057. எங்கள் பழைய காரின் எடை 1050. மாட்டைவிட வண்டி கனம். அப்பா சொன்ன வார்த்தை எழுத்துக்கு எழுத்து உண்மையாகிவிட்டது.

"ஆனால் இழுத்ததே!" என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். இழுப்பதில் பெருமை இல்லை, அன்பர்களே. மெதுவாகப் போனால் சின்ன மாடுகூடப் பெரிய வண்டியைச் சமதரையில் நகர்த்திவிடும். நிறுத்துகிற நேரத்தில்தான் மாட்டின் பலம் தெரியும். அந்த வண்டிக்குச் சொந்தமாகப் பிரேக் கிடையாது. 1050 கிலோவை நிறுத்தச் செய்யப்பட்ட காரின் பிரேக், இரண்டு மடங்கு எடையை நிறுத்த வேண்டும். காருக்குள் நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்தால் அதுவும் சேரும். வேகமோ இன்னும் மோசம். 30 கிலோமீட்டரில் போகும் வண்டியை நிறுத்துவதைப் போல நாலு மடங்கு பாடு படவேண்டும், 60இல் போகிறதை நிறுத்த. தோட்டத்தில் இறக்கத்தில் வண்டி மாட்டைத் தள்ளும் என்று அப்பா பின்னால் கட்டையைக் கட்டி இழுத்துவருவாராம். தெலுக் பங்லிமா காராங் சமதரைதான். ஆனால் பாலத்திலிருந்து இறங்கும்போதும், சிவப்பு விளக்கு திடீரென்று விழும்போதும், கட்டைக்கு எங்கே போவது?

கார்க் கையேட்டை என் மகள் தேடி எடுத்து வாசித்தாள். பத்து வருடமாகக் காரில் கிடந்த புத்தகம், ஒருவரும் திறந்ததில்லை. அதில் இழுவைக்கு இரண்டு எண்கள் போட்டிருந்தது. சொந்தப் பிரேக் உள்ள வண்டிக்கு ஓர் எண், பிரேக் இல்லாத வண்டிக்கு அதைவிடக் குறைந்த ஓர் எண். எங்கள் காருக்குப் பிரேக் இல்லாத வண்டி 450 கிலோவரைதான். அதாவது, சாமான் ஒன்றுகூட ஏற்றாத அந்த வெறும் வண்டியே எங்கள் காருக்கு அதிகம்! சில சின்னக் கார்களின் கையேட்டில், இந்தக் காரால் எதையும் இழுக்கவே கூடாது என்றுகூடப் போட்டிருக்கும். அப்படி இருந்தால் அதோடு அந்த ஆசையை விட்டுவிட வேண்டியதுதான்.

பிரிட்டனில் பொதுவாக ஒரு கணக்குச் சொல்கிறார்கள். புதிதாக இழுக்கத் தொடங்குகிறவர்கள், பாரம் ஏற்றிய கேரவனின் எடை காரின் எடையில் 85 விழுக்காட்டுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கார் 1000 கிலோ என்றால் கேரவன் 850. இது பிரேக் உள்ள வண்டிக்கு. பிரேக் இல்லாததற்கு அங்கே சட்டமே இருக்கிறது. 750 கிலோ, அல்லது காரின் எடையில் பாதி, இரண்டில் எது குறைவோ அதுவே எல்லை. ஆனால் இவையெல்லாம் பொதுக் கணக்குகள். உங்கள் காரின் கையேடு அதைவிடக் குறைத்துச் சொன்னால், அந்தக் குறைந்த எண்தான் உங்களுக்கு வேதவாக்கு.

வண்டியைத் திருப்பிக் கொடுத்தோம். முன்பணத்தில் பாதிதான் கைக்கு வந்தது. 250 வெள்ளி போனது. மனம் வலித்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் அன்று அந்தச் சடக்கில் எதிரே ஒரு மோட்டார் சைக்கிள் வந்திருந்தால் என்று நினைக்கும்போது, அது பணமே இல்லை.

மகன் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அவனுக்கு அவமானம். அம்மாவின் இடுப்பு வலியைத் தீர்க்க நினைத்தான். அம்மாவையே கொல்லப் பார்த்தோமே என்று நினைத்துக்கொண்டான். மூன்றாம் நாள் அப்பாதான் அவனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார். "நானும் ஒரு தடவை வண்டியைக் குடை சாய்ச்சிருக்கேன்டா. குலை எல்லாம் கால்வாயில. அன்னிக்குக் கிராணி திட்டினது இன்னும் காதுல கேக்குது" என்றார். எனக்கே அது புதிய செய்தி. இத்தனை வருடமாக அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

பிறகு தாளை மறுபடியும் எடுத்தோம். இந்தத் தடவை வண்டியைப் பார்த்துச் சாமானை ஏற்றவில்லை. காரைப் பார்த்து வண்டியைத் தேடினோம். மேலே கூரை இல்லாத, தாழ்வான, சின்ன இழுவை வண்டி ஒன்று கிடைத்தது. எடை மேடையில் ஏற்றிப் பார்த்த பிறகே பணம் கொடுத்தோம்: 210 கிலோ. கடை போடும் இடத்துக்குப் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் பேசினேன். மேசை நாற்காலிகளை அவர் கடைக்குப் பின்னால் வைத்துக்கொள்ள இடம் தந்தார். தண்ணீர் அவர் குழாயில். மின்சாரமும் அவரிடமே, மாதம் கொஞ்சம் பணம் கொடுத்துவிடுகிறேன். ஒரு தோம்பு போதும். மாவு இரண்டு பானை. ஐஸ் பெட்டி பாதி. மீதியைக் கூட்டினால் 223 கிலோ. வண்டியோடு 433. எங்கள் 450க்கு உள்ளே, கொஞ்சம் மிச்சமும் வைத்து.

பாரம் ஏற்றுவதையும் மாற்றிக்கொண்டோம். தோசைக்கல், அடுப்பு, மாவுப் பானை, இந்தக் கனமானவை அச்சுக்கு நேர் மேலே, கொஞ்சம் முன்னால் தள்ளி, தரையோடு தரையாக. படுதா போன்ற லேசானவை மட்டும் பின்னால். எல்லாவற்றையும் கயிற்றால் கட்டுகிறோம். ஓடும்போது நகர்ந்தால் கணக்கே மாறிவிடும். மூக்கின் எடையை அளக்க மகன் ஒரு வழி கண்டுபிடித்தான். குளியலறையில் நாம் ஏறி நின்று எடை பார்க்கும் தராசு இருக்கிறதே, அதன் மேல் காரின் கொக்கி உயரத்துக்கு ஒரு கட்டையை வைத்து, வண்டியின் மூக்கை அதன் மேல் நிறுத்தினான். ஏறத்தாழ 30 கிலோ காட்டியது. 433இல் அது 7 விழுக்காடு. அப்பா வந்தார். தராசைப் பார்க்கவில்லை. குனிந்து ஒரு கையால் கம்பியைத் தூக்கினார். "சரியா இருக்கு" என்றார்.

நீங்களும் இப்படி ஒரு வண்டி வாங்க நினைத்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் கார்க் கையேட்டைத் திறந்து பாருங்கள். வண்டியை எடை மேடையில் ஏற்றச் சொல்லுங்கள்; ஏற்ற மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள். ஏற்றப் போகும் சாமானை ஒன்று விடாமல் தாளில் எழுதிக் கூட்டுங்கள். சாலைப் போக்குவரத்து இலாகாவிலும், உங்கள் காப்புறுதிக் கம்பெனியிலும் விசாரித்து, பதிவுக்கும் காப்புறுதிக்கும் என்ன வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். கடை உரிமத்துக்கு நகராண்மைக் கழகத்தைக் கேளுங்கள். டயரின் காற்றைப் பாருங்கள். வழியில் வண்டி நெளியத் தொடங்கினால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஸ்டீரிங்கை நேராகப் பிடித்து, எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுங்கள். வேகம் குறைந்தால் அதுவே அடங்கும்.

இப்போது ஒரே நடையில் கடை போய்ச் சேர்கிறது. இடுப்பு வலி முழுவதும் போகவில்லை; ஆனால் முன்போல் இல்லை. சேமநிதிப் பணத்தில் மிச்சம் இன்னும் இருக்கிறது. மகன் 60க்கு மேல் ஓட்டுவதில்லை. பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.

விடியற்காலையில் நாங்கள் புறப்படும்போது அப்பா வாசலில் வந்து நிற்கிறார். வண்டி பூட்டுவதற்கு முன்னால் கம்பியை ஒரு தடவை அவர் தூக்கிப் பார்க்க வேண்டும். அது இல்லாமல் நாங்கள் கிளம்புவதில்லை. அவருக்காகத்தான் அப்படிச் செய்கிறோம் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.